குழந்தை மாற்றி மாற்றிச் சொன்னால் அது பொய்யா?

கேள்வி இதுதான்: உறவினர் வீட்டில் நாலரை வயதுப் பெண் குழந்தை. பள்ளி வேனில் வரும் ஒருவரைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறாள். அம்மாவிடம் சொன்னது ஒன்று, பாட்டியிடம் சொன்னது வேறொன்று, காவல் நிலையத்தில் வாயே திறக்கவில்லை. 'குழந்தை பொய் சொல்லாது' என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள், 'குழந்தைக்கு என்ன தெரியும், எல்லாம் கற்பனை' என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். எதை நம்புவது, இந்தச் சாட்சியம் நீதிமன்றத்தில் நிற்குமா?

இரண்டு பக்கமும் அரைகுறைதான். நாலரை வயதில் பொய் வரும். உதட்டில் சர்க்கரை ஒட்டியிருக்க 'நான் மிட்டாய் சாப்பிடவே இல்லை' என்று சொல்லாத பிள்ளை ஏது? ஆனால் பாலியல் கொடுமை என்று ஒன்றைத் தானாகவே இட்டுக்கட்டி, ஆள், இடம், விவரம் எல்லாம் சேர்த்துச் சொல்வது அந்த வயதில் அரிது. அடிக்கடி நடப்பது வேறு. பெரியவர்களின் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் பதிலைக் குழந்தை எடுத்து நம்மிடமே திருப்பித் தந்துவிடும். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம்கூட அதற்கு இருக்காது.

இது நூறு வருடத்துக்கு மேல் பழைய செய்தி. பெல்ஜியத்தில் ஒரு சிறுமி கொலையான வழக்கில், கூட விளையாடிய சிறுமிகளைத் திரும்பத் திரும்ப விசாரித்து வாங்கிய சாட்சியம் நீதிமன்றத்துக்கு வந்தது. அதை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்பதற்காக வாரெண்டான்க் என்ற உளவியலாளர் பள்ளிப் பிள்ளைகளிடம் சில சோதனைகள் செய்து 1911-ல் வெளியிட்டார். ஏழு வயதுப் பிள்ளைகள் 18 பேரிடம், அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஆசிரியரின் தாடி என்ன நிறம் என்று கேட்டார். 16 பேர் கறுப்பு என்றார்கள். அந்த ஆசிரியருக்குத் தாடியே கிடையாது. பெரியவர் ஒருவர் நிறத்தைக் கேட்டால் தாடி இருக்கத்தான் வேண்டும் என்பது பிள்ளைகளின் கணக்கு. அவர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

தமிழில் இந்த வேலையைச் செய்ய ஒரே எழுத்து போதும். 'என்ன நடந்தது?' என்பது கேள்வி. 'அவர் தொட்டாரா?' என்பது, கடைசியில் ஓர் 'ஆ' மாட்டிய செய்தி. 'அவர்தானே தொட்டார்?' என்பதில் அந்த 'ஆ' கூட இல்லை, 'தானே' என்று தலையாட்டச் சொல்லும் கட்டளை இருக்கிறது. குழந்தை 'ம்' என்கிறது. அந்த 'ம்' எட்டு மணி நேரத்துக்குள் 'மேற்படி நபர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாகக் குழந்தை கூறியது' என்று தாளில் ஏறிவிடும். தாளைப் பிற்பாடு படிக்கும் யாருக்கும் அங்கே ஒரு 'ம்' மட்டுமே இருந்தது தெரியாது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகம் முழுக்கக் காட்டும் உதாரணம் மெக்மார்ட்டின் வழக்கு. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் மன்ஹாட்டன் பீச் என்ற கடலோர ஊர். 1983 ஆகஸ்டில், அங்கிருந்த மெக்மார்ட்டின் மழலையர் பள்ளியில் படித்த இரண்டரை வயதுப் பையனின் தாய், ஓர் ஆசிரியர் மீது புகார் கொடுத்தார். செப்டம்பரில் காவல்துறை சுமார் 200 பெற்றோருக்குக் கடிதம் போட்டது. அதில் சந்தேக நபரின் பெயர் இருந்தது, என்னென்ன நடந்திருக்கலாம் என்ற விவரமும் இருந்தது, உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள் என்ற வேண்டுகோளும் இருந்தது. கடிதம் வந்த வீட்டில் எந்தத் தாய்தான் நிதானமாகக் கேட்பார்? ஒரே வாரத்தில் ஊரே விசாரணை அதிகாரி ஆகிவிட்டது.

அதன்பின் ஒரு சிகிச்சை மையம் சுமார் 400 பிள்ளைகளைப் பேட்டி கண்டது. கையில் மாட்டும் பொம்மைகளை வைத்துக்கொண்டு, பொம்மை வாயிலாகப் பிள்ளைகளைப் பேசவைத்தார்கள். உன் நண்பர்கள் எல்லோரும் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்றார்கள். 'நடந்தது' என்று சொன்ன பிள்ளைக்குப் பாராட்டு கிடைத்தது. 'நடக்கவில்லை' என்ற பிள்ளையிடம், நீ கெட்டிக்காரப் பிள்ளையா, மக்குப் பிள்ளையா என்கிற தொனியில் மறுபடி கேட்டார்கள். 360 பிள்ளைகள் வரை பாதிக்கப்பட்டவர்கள் என்று முடிவானது. ஏழு பேர் மீது வழக்கு. நாளாக ஆக, பள்ளிக்கு அடியில் சுரங்கப்பாதை, வெப்பக்காற்றுப் பலூனில் பயணம் என்றெல்லாம் பிள்ளைகள் சொல்லத் தொடங்கினார்கள். சாட்சியம் மிகப் பலவீனம் என்று 1986-ல் ஐந்து பேர் மீதான வழக்கை அரசுத் தரப்பே கைவிட்டது. மீதி இருவர் மீதான விசாரணை 1990 வரை இழுத்தது. ஒரு குற்றச்சாட்டுகூட நிரூபிக்கப்படவில்லை. முதலில் புகாருக்கு ஆளான ஆசிரியர் அதற்குள் ஐந்து வருடம் சிறையில் இருந்துவிட்டார். அரசுக்கு ஆன செலவு 1.5 கோடி டாலர். அன்று பேட்டி காணப்பட்ட பிள்ளைகளில் ஒருவர், தான் சொன்னது எதுவும் நடக்கவில்லை என்று 2005-ல் பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னார்.

இந்த வழக்கைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள்: 'பார்த்தீர்களா, குழந்தைகளை நம்பக் கூடாது.' எனக்கு முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த பகுதி. தீர்ப்புக்குப் பிறகு ஜூரிகளில் பலர், சில பிள்ளைகளுக்கு ஏதோ நடந்திருக்கும் என்றுதான் நினைத்ததாகச் சொன்னார்கள். ஆனால் பேட்டி வீடியோக்களைப் பார்த்தபோது, எது பிள்ளையின் சொல், எது கேட்டவரின் சொல் என்று பிரிக்க முடியவில்லை. அதாவது அந்தக் கேள்விகள், குற்றம் செய்யாதவரைச் சிறையில் வைக்கும் அளவுக்கு மோசமானவை, அந்தக் கூட்டத்தில் உண்மையாகவே பாதிக்கப்பட்ட பிள்ளை ஒன்று இருந்திருந்தால் அதன் நியாயத்தையும் சேர்த்துப் புதைத்துவிடும் அளவுக்கும் மோசமானவை. 'குழந்தைக்காக' என்று அழுத்திக் கேட்கிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

அந்தப் பேட்டிகளின் எழுத்துப் பிரதியை எடுத்து, அதே உத்திகளைச் சோதனையில் பயன்படுத்திப் பார்த்தார்கள். 1998-ல் வெளியான ஆய்வு. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளின் வகுப்புக்கு ஒருவர் வந்து கதை படித்துவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து, அவர் செய்யாத காரியங்களைப் பற்றிக் கேள்வி. வெறுமனே பதிலைத் திணிக்கும் கேள்வி கேட்டபோது 17 சதவீதம் தவறான 'ஆமாம்' வந்தது. கூடவே 'மற்ற பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்' என்பதையும், பாராட்டையும், முகச்சுளிப்பையும் சேர்த்தபோது 58 சதவீதம். பேட்டி நேரம் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு! நம் வீடுகளில் ஒரு மாலை முழுக்க, அத்தை, சித்தி, பாட்டி என்று ஒவ்வொருவராகக் கேட்கும்போது என்ன நடக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னோர் ஆய்வும் என்னை விடாமல் தொந்தரவு செய்வது. 1990-களில் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீபன் செசி குழுவினர் செய்தது. சாம் ஸ்டோன் என்ற ஆள் இரண்டு நிமிடம் வகுப்புக்கு வந்து போகிறார். அவர் ஒரு தத்துப்பித்து ஆள், எதையாவது உடைப்பார் என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கதை சொல்லியிருந்தார்கள். பிறகு பல வாரங்கள் திணிப்புக் கேள்விகள் கேட்டார்கள். கடைசியில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளில் 72 சதவீதம் பேர், அவர் புத்தகத்தைக் கிழித்தார் அல்லது கரடி பொம்மையை அழுக்காக்கினார் என்றார்கள். இரண்டுமே நடக்கவில்லை. முன்கதையும் திணிப்பும் இல்லாமல் கேட்ட பிள்ளைகளிடம் இந்தத் தவறு அபூர்வம். அந்த வீடியோக்களை இந்தத் துறை வல்லுநர்களிடம் காட்டி எந்தக் குழந்தை சொல்வது உண்மை என்று கேட்டபோது, அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. 'குழந்தையின் கண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும்' என்று யாராவது சொன்னால், அவர் போலீஸாக இருந்தாலும் மனநல மருத்துவராக இருந்தாலும், நான் நம்புவதில்லை.

சரி, அப்படியென்றால் நேரடியாக எதையும் கேட்காமல் சும்மா இருந்துவிடலாமா? அதுவும் ஆபத்து. ஐந்து, ஏழு வயதுச் சிறுமிகள் 72 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 1991-ல் வெளியானது. பெற்றோர் சம்மதத்தோடு வழக்கமான மருத்துவப் பரிசோதனை. பாதிப் பேருக்கு அந்தரங்க உறுப்புப் பகுதியையும் மருத்துவர் பரிசோதித்தார், மீதிப் பேருக்கு முதுகெலும்பு வளைவு மட்டும். பிறகு 'டாக்டரிடம் என்ன நடந்தது, சொல்லு' என்று கேட்டபோது, முதல் குழுவில் 36 பேரில் 28 பேர் அந்தத் தொடுதலைப் பற்றி மூச்சே விடவில்லை. மிரட்டல் இல்லை, ரகசியம் காக்கச் சொல்லவில்லை, வெறும் கூச்சம்தான். 'அங்கே தொட்டாரா?' என்று நேராகக் கேட்டபோது ஐந்து பேரைத் தவிர எல்லோரும் ஆமாம் என்றார்கள். இரண்டாவது குழுவில், நடக்காத அந்தத் தொடுதலை நடந்தது என்று சொன்னவள் ஒரே ஒருத்தி.

ஆக, அடக்கமாக ஒருமுறை நேராகக் கேட்பதால் வானம் இடிந்து விழாது. 'ஆமாம்' வரும்வரை விடாமல் கேட்பதும், கேட்பவருக்குப் பதில் முன்கூட்டியே தெரிந்திருப்பதும்தான் விஷம். பேசாமல் இருப்பதை 'எதுவும் நடக்கவில்லை' என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான பெரியவர்களைக் கேட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், குழந்தையாக இருக்கும்போதே யாரிடமாவது சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. சொன்ன பிறகு மறுப்பதும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில், நடந்தது என்று உறுதியான 257 வழக்குகளைப் பார்த்தபோது 23 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒரு கட்டத்தில் 'அப்படி நடக்கவில்லை' என்று பின்வாங்கியிருந்தார்கள். குற்றவாளி அப்பா நிலையில் இருந்தபோதும், அம்மா பக்கபலமாக இல்லாதபோதும் அது அதிகம். நம் நீதிமன்றங்களில் குழந்தை பிறழ்சாட்சி ஆனால், அந்த வீட்டில் அதற்கு முந்தைய மாதம் யார் யார் வந்து போனார்கள் என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும்.

இப்போது உங்கள் குழந்தை மாற்றிச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். எல்லா மாற்றமும் ஒரே ரகம் கிடையாது. சின்னக் குழந்தைக்கு 'நேத்து' என்றால் கடந்துபோன எந்த நாளும்தான். போன தீபாவளியும் நேத்துதான். எத்தனை முறை என்று கேட்டால் தெரிந்த எண்ணில் ஒன்றைச் சொல்லும். 'அடிச்சாங்க' என்பது அடியாகவும் இருக்கலாம், வலித்த எதுவாகவும் இருக்கலாம். இதையெல்லாம் வைத்துக் குறுக்கு விசாரணையில் மடக்குவது சுலபம், நியாயம் இல்லை.

இதைவிடச் சிக்கலான சொல் 'மாமா'. அம்மாவின் தம்பி மாமா, பக்கத்து வீட்டுக்காரர் மாமா, வேன் ஓட்டுபவர் மாமா, வேனில் கதவைத் திறந்துவிடுபவரும் மாமா. குழந்தை 'மாமா' என்றதும் அது எந்த மாமா என்று முடிவு செய்வது பெரும்பாலும் பெரியவர்கள்தான். அதுவும் வீட்டுக்கு வெளியே இருக்கும் மாமாவை நோக்கித்தான் நம் மனம் முதலில் ஓடும், வீட்டுக்குள் இருப்பவரை நோக்கி ஓடாது. உங்கள் விஷயத்தில் அம்மாவிடம் சொன்னதும் பாட்டியிடம் சொன்னதும் எதில் வேறுபடுகின்றன என்று பாருங்கள். நாள், எண்ணிக்கை, சட்டையின் நிறம் மாறினால் நான் கவலைப்பட மாட்டேன். ஆள் மாறினாலோ, ஒவ்வொரு முறையும் புதிய பெரிய சம்பவம் ஒன்று சேர்ந்துகொண்டே போனாலோ, இடையில் யார் என்ன கேட்டார்கள் என்று முதலில் விசாரிப்பேன். காவல் நிலையத்தில் வாய் திறக்காததற்கு நான் எந்த அர்த்தமும் கொடுக்க மாட்டேன். பெரியவர்களுக்கே அங்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் சாட்சி சொல்லக் குறைந்தபட்ச வயது என்று ஒன்று கிடையாது. கேள்வி புரிந்து அறிவோடு பதில் சொல்ல முடிந்தால் போதும். 1951-லேயே ராமேஷ்வர் வழக்கில், எட்டு வயதுச் சிறுமியின் சாட்சியம் பற்றி உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சத்தியப் பிரமாணம் செய்து வைக்கவில்லை என்பதால் சாட்சியம் செல்லாமல் போகாது, வேறு ஆதாரம் துணைக்கு இருக்கிறதா என்று பார்ப்பது விவேகம்தானே தவிர, அது இல்லாமல் தண்டிக்கவே கூடாது என்று சட்டம் இல்லை. அந்தச் சிறுமி சம்பவம் நடந்த சில மணி நேரத்தில் தாயிடம் சொன்னதையே துணை ஆதாரமாக நீதிமன்றம் ஏற்றது. முதன்முதலில் சொன்ன அந்தச் சொல்லுக்கு அவ்வளவு எடை. 2025 பிப்ரவரியில், தாயின் கொலையைப் பார்த்த ஏழு வயது மகளின் சாட்சியத்தை ஏற்று, உயர் நீதிமன்றம் விடுவித்தவருக்கு உச்ச நீதிமன்றம் மறுபடி தண்டனையை உறுதி செய்தது. சொல்லிக்கொடுத்த பகுதியைப் பிரித்தெடுக்க முடிந்தால் மீதியை நம்பலாம் என்பதும் நம் நீதிமன்றங்கள் ஏற்ற நிலைப்பாடு.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்கான 2012 போக்சோ சட்டம் நடைமுறையை இன்னும் விரிவாக எழுதியிருக்கிறது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும். எனவே உங்கள் குழந்தையைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போயிருக்கவே தேவையில்லை. நீதிமன்றத்தில் வக்கீல்கள் நேரடியாகக் கேட்காமல், கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க, அவர்தான் குழந்தையிடம் கேட்பார். குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை. நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்ட 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிந்துவிட வேண்டும் என்றும் இருக்கிறது. அது எங்கே நடக்கிறது என்று கேட்காதீர்கள். நாலரை வயதில் நடந்ததை ஏழு வயதில் வந்து சொல்லச் சொன்னால், குழந்தையின் நினைவைக் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை.

சட்டத்தில் எனக்குப் படும் ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. சாட்சியம் தொடங்கும் முன் நீதிபதி குழந்தையிடம் சில கேள்விகள் கேட்பார். பேர் என்ன, எந்த வகுப்பு, பொய் சொன்னால் என்ன ஆகும். 'சாமி கண்ணைக் குத்தும்' என்று குழந்தை சொல்லும். சரி, இதற்கு விவரம் தெரிகிறது என்று குறித்துக்கொள்வார்கள். ஆனால் தாடி கறுப்பு என்று சொன்ன அந்தப் பதினாறு பிள்ளைகளும் இந்தத் தேர்வில் தேறியிருப்பார்கள்! உண்மை, பொய் வித்தியாசம் தெரியுமா என்று சோதிக்கிறோம். அந்த நினைவு எத்தனை கை மாறி வந்தது என்று சோதிப்பதில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு 47 ஆண்டு சிறை விதித்து, பிறகு ரத்தான வழக்கை ஒட்டி, மாநில உச்ச நீதிமன்றம் 1994-ல் ஒரு வழி செய்தது. கேள்வி கேட்ட முறையில் கறை இருக்கிறது என்று எதிர்த்தரப்பு காட்டினால், விசாரணைக்கு முன்பே அதற்கென்று தனியாக ஓர் ஆய்வு நடக்கும். பேட்டி முழுக்கப் பதிவாகியிருந்தால்தான் அதெல்லாம் சாத்தியம். போக்சோவிலும் முடிந்தவரை ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்றிருக்கிறது. அந்த 'முடிந்தவரை' என்பதற்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது.

எப்படித்தான் கேட்பது என்றால், மைக்கேல் லேம்ப் போன்ற ஆய்வாளர்கள் 1990-களில் வகுத்த முறையை இன்று பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். அதன் சாரம் எளிது. முதலில், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், நான் தப்பாகச் சொன்னால் நீ திருத்தலாம் என்று குழந்தையிடம் சொல்லிவிடுகிறார்கள். பிறகு பிறந்த நாள் மாதிரி சாதாரண விஷயம் ஒன்றை முழுதாகச் சொல்லவைத்துப் பழக்குகிறார்கள். அதன்பின் விஷயத்துக்கு வந்தால், நீளமான கேள்வியே கிடையாது. 'எல்லாத்தையும் சொல்லு.' 'அப்புறம் என்ன ஆச்சு?' அவ்வளவுதான். நாலு வயதுக் குழந்தைகூட இந்த 'அப்புறம்' கேள்விக்கு நாம் எதிர்பார்ப்பதைவிட அதிகம் சொல்லும்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது: இன்றோடு வீட்டில் விசாரணையை நிறுத்துங்கள். குழந்தை தானாகப் பேசினால் மட்டும் கேளுங்கள், முகத்தை மாற்றாமல் கேளுங்கள். வேனில் வந்தவர், கூடப் படிக்கும் பிள்ளைகளையும் தொட்டாரா என்று மற்றப் பெற்றோரைக் கூட்டிக் குழுவில் பேச ஆரம்பிக்காதீர்கள். மன்ஹாட்டன் பீச் கடிதத்தின் வாட்ஸ்அப் வடிவம் அது. புகாரைத் தள்ளிப் போடவும் வேண்டாம், இப்படி ஒரு விஷயம் தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். 1098-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். அதற்கு முன், அம்மாவையும் பாட்டியையும் தனித்தனியாக உட்கார வைத்து, ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். குழந்தை முதலில் சொன்ன நாள், நேரம், இடம். அதற்கு முன்னால் இவர்கள் கேட்ட கேள்வி என்ன. குழந்தை சொன்ன வார்த்தை எது. 'மாமா' என்றால் 'மாமா' என்றே எழுதட்டும், அடைப்புக்குறிக்குள் ஆள் பெயர் போட வேண்டாம். பாட்டி 'அந்த வேன்காரன்தானே?' என்று கேட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.